பேய்க்கு விக்கல் வந்தால்: ஃப்ரைடே நைட் ஃபங்கினில் உங்கள் முதல் மாட்

ஃப்ரைடே நைட் ஃபங்கின் என்ற தாள வீடியோ கேம் 2020இல் லூடம் டேர் என்ற கேம் ஜாமுக்காக (குறுகிய நேரத்தில் கேம் செய்யும் போட்டி) செய்யப்பட்டது. எதிராளி ஒரு வரி பாடுவார், நாம் நான்கு அம்புக்குறிகளால் அதைத் திருப்பிப் பாட வேண்டும். அதன் நிரல் திறந்த மூலம், அதாவது யாரும் பார்த்து மாற்றலாம் என்பதால், ரசிகர்கள் செய்த மாட்கள் (கேமை மாற்றியமைத்த பதிப்புகள்) குவிந்து கிடக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, மாட் செய்ய உதவும் சைக் எஞ்சின் என்ற மென்பொருள்தான் சுலபம். பெரும்பாலான வேலைக்கு நிரல் எழுதவே தேவையில்லை.

நாம் செய்யப்போவது, பயமுறுத்த வந்த பேய்க்குப் பாட்டின் நடுவே விக்கல் எடுக்கும் ஒரு மாட்.

முதலில் எஞ்சினை அன்ஜிப் செய்து, 'மாட்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் மாட்டுக்கென ஒரு ஃபோல்டர் போடுங்கள். இனி எல்லாமே அதற்குள்தான்.

அடுத்தது பாட்டு. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வேகத்தை 150 பிபிஎம் (நிமிடத்துக்கு 150 பீட்) என்று வையுங்கள், கணக்கு எளிது: ஒரு பீட் 0.4 விநாடி, நான்கு பீட் கொண்ட ஒரு செக்‌ஷன் 1.6 விநாடி. செக்‌ஷனுக்கு 16 கட்டம், கட்டத்துக்கு 0.1 விநாடி. இசையை 'இன்ஸ்ட்' என்றும் குரல்களை 'வாய்சஸ்' என்றும் தனித்தனி ஓஜிஜி ஒலிக்கோப்பாக எடுங்கள். இரண்டும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும், இல்லையென்றால் குரலும் நோட்டும் (திரையில் வரும் அம்புகள்) பொருந்தாது.

விக்கலை எங்கே வைப்பது? மூன்று செக்‌ஷன் இறுக்கமாகப் பயம் ஏறட்டும். நான்காவதில் இசையை அடக்கிவிட்டுக் கடைசி பீட்டில் ஒரே ஒரு 'ஹிக்'. திடீரென்று காதைக் கிழிக்கும் அலறலை நான் சேர்க்கமாட்டேன். அது ஒரு முறைதான் வேலை செய்யும். விக்கலுக்கோ அடுத்த முறை காத்திருந்தே சிரிப்பார்கள்.

மெயின் மெனுவில் 7ஐ அழுத்தினால் எடிட்டர்கள் வரிசையாக வரும். சார்ட் எடிட்டரில் பாட்டின் பெயரும் பிபிஎம்மும் கொடுத்து, பேயின் வரிகளுக்கு நோட் வையுங்கள். பிறகு அதே வரிசையை ஆட்டக்காரர் பக்கமும் வையுங்கள், விக்கலையும் விடாமல்! பேயின் விக்கலை நாமே சுத்தமாகத் திருப்பிப் பாட வேண்டியிருப்பதுதான் இந்த மாட்டின் உயிர்.

பேய்க்கு ஐந்து அசைவு போதும்: சும்மா நிற்பது ஒன்று, நான்கு திசைக்கு நான்கு. படத்தொகுப்பை ஒரு பிஎன்ஜி படக்கோப்பாக, எந்த அசைவு எங்கே என்று சொல்லும் அதன் எக்ஸ்எம்எல் கோப்போடு சேர்த்து கேரக்டர் எடிட்டரில் ஏற்றுங்கள். ஓவியம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, விக்கலின்போது தோள் குலுங்க வேண்டும்.

வீக் எடிட்டரில் பாட்டைச் சேர்த்தால், விரும்பிய பாட்டைத் தேர்ந்து ஆடும் ஃப்ரீபிளே பட்டியலில் தெரியும். திறக்காவிட்டால் முதலில் பெயரைப் பாருங்கள். பாட்டின் பெயரில் இடைவெளி இருந்தால், பாட்டின் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பெயரில் அங்கே சிறு கோடு வரவேண்டும்.

திரை மின்னும் காட்சி வைத்தால், 'ஃப்ளாஷிங் லைட்ஸ்' அமைப்பை அணைத்தவர்களுக்கு அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அந்த மின்னலால் வலிப்பே வரலாம். அடுத்தவர் மாட்டிலிருந்து பாட்டோ படமோ எடுப்பதானால் அவர்களைக் கேட்டு, பெயர் போட்டு எடுங்கள்.

கடைசியாக, பாட்டை இதுவரை கேட்காத ஒருவரை ஆடவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். விக்கலில் சிரிப்பு வரவில்லையா? நோட்டையும் ஒலியையும் சேர்த்து ஒரு கட்டம் தள்ளி வைத்து, மறுபடி ஆடச் சொல்லுங்கள்.