பச்சை வரி இறால் குஞ்சைக் கடலில் விடும் முறை

ஹேச்சரியில் (பொரிப்பகத்தில்) பொரித்து வளர்த்த குஞ்சை நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், விடும் வேலை இது. முதலில் தாய் இறால். நம் கடலில் பிடித்த சினை இறால்தான் வேண்டும், வெளிக் கரையிலிருந்து லாரியில் வருவது வேண்டாம். வனாமி குஞ்சு மிச்சம் இருக்கிறது, சும்மா கடலில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். அது அமெரிக்காவின் பசிபிக் கரை இறால், நம் கடலுக்கு அந்நியம். தாயும் ஒன்றிரண்டு போதாது. கடலுக்குப் போகிற அத்தனை குஞ்சும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கக் கூடாது.

சினை முற்றிவிட்டதா என்று பார்க்க டார்ச் அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே இறாலைப் பிடியுங்கள். ஓட்டுக்குள் முதுகு நெடுகக் கரும்பச்சைக் கோடு ஓடும். வயிற்றுப் பகுதியின் முதல் கணுவில் அது சாய்சதுரமாக விரிந்திருந்தால் முட்டையிடும் நேரம் நெருங்கிவிட்டது. இரவில்தான் இடும்.

தொட்டி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஹேச்சரியில் நின்று பழகினால்தான் அது வரும். உப்பு 30 முதல் 35 பிபிடி (ஆயிரத்தில் அத்தனை பங்கு), வெப்பம் 28 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு நாளுக்குள் முட்டை பொரித்து நாப்ளி என்ற முதல் பருவப் புழு வந்துவிடும். நாப்ளிக்குத் தீனி வேண்டாம், உடம்பில் உள்ள மஞ்சள் கருவே போதும். அடுத்த பருவமான ஜோயாவுக்குக் கீட்டோசீரஸ் என்ற நுண்பாசி, அதற்கடுத்த மைசிஸ் ஆனதும் பாசியோடு ஆர்ட்டீமியா என்ற பொடி உயிரி. அப்புறம் பி.எல். (போஸ்ட் லார்வா), அதாவது இறால் உருவம் வந்த குஞ்சு.

பி.எல். ஆன அன்றே கடலுக்குக் கொண்டுபோக அவசரப்பட வேண்டாம். செவுள் நன்றாக வளர்ந்த பிறகுதான் உப்பு மாறினால் தாங்கும். லென்ஸில் பார்த்தால் நெற்றி முள்ளின் மேல்பக்கம் நான்கு பல்லாவது தெரிய வேண்டும். வெள்ளைப் புள்ளி என்ற வைரஸ் நோய்க்குப் பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும்) பரிசோதனை செய்யாமல் ஒரு குஞ்சுகூட வெளியே போகக் கூடாது. பண்ணையில் நோய் வந்தால் குளத்தை வற்ற வைக்கலாம், கடலை என்ன செய்ய முடியும்?

எனக்குப் பிடித்த சோதனை வட்டச் சோதனை. வெள்ளை பேசினில் கொஞ்சம் குஞ்சை எடுத்துத் தண்ணீரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பொறுங்கள். திடமான குஞ்சு நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும், இல்லை பேசின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். நோஞ்சான் நடுவில் வந்து குவியும். நடுவில் அதிகம் குவிந்தால் அந்தத் தொட்டியை இன்னும் சில நாள் வளர்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை காட்டுவதற்காக நோஞ்சானைக் கடலுக்கு அனுப்புவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விட்டதைத் திரும்பக் கண்டுபிடிப்பது சில மீன்களில் எளிது. நீலகிரி அவலாஞ்சியில் 1907-லேயே எச்.சி. வில்சன் என்பவர் டிரவுட் மீனுக்குப் பொரிப்பகம் அமைத்தார். மலை ஓடையில் விட்ட டிரவுட்டை அந்த ஓடையிலேயே தேடிப் பார்க்கலாம். சால்மன் கடலுக்குப் போனாலும் பிறந்த ஆற்றின் வாசனை பிடித்துத் திரும்பும். அமெரிக்காவில் ஹேச்சரி சால்மனின் கொழுப்புத் துடுப்பை (முதுகில் வாலுக்கு முன் இருக்கும் சின்னத் துடுப்பை) வெட்டி விடுகிறார்கள், பிடிக்கிறவருக்கு அது ஹேச்சரியில் வளர்ந்தது என்று தெரிந்துவிடும். நம் குஞ்சு திரும்பியும் வராது, ஓட்டில் அடையாளம் போட்டாலும் அடுத்த முறை ஓடு கழற்றும்போது அதுவும் போய்விடும். அதனால் விடுகிற இடத்தையும் நேரத்தையும் சரியாகப் பிடிப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

இடம் என்றால் கடல் தாழை, அதாவது கடலுக்கடியில் வளரும் கடற்புல், அடர்ந்த இடம். இந்த இறால் சின்னதில் தாழைக்குள் ஒளிந்து வளர்ந்து, பிறகுதான் ஆழத்துக்குப் போகும். வெறும் மணலில் விட்டால் கீச்சான், கெளிறு மீன்கள் விடியுமுன் தின்று தீர்த்துவிடும். இராமநாதபுரம் கரையில் முனைக்காட்டிலிருந்து தொண்டி வரை வடகடலில் தாழை எங்கே அடர்ந்திருக்கிறது என்று வத்தையில் (சிறு படகில்) போகிற பெரியவர்களைக் கேளுங்கள். வரைபடத்தைவிட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்.

காலம் என்றால் மார்ச், ஏப்ரல். வாடைக் காற்று அடங்கி வடகடல் தெளிந்திருக்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, குஞ்சு வளர அந்த அவகாசம் கிடைக்கும். மீன்வளத் துறைக்குச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு நாளைக் குறியுங்கள்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். பசித்தால் ஒன்றையொன்று தின்னும், அதனால் கொஞ்சம் ஆர்ட்டீமியா போட்டுக் கட்டுங்கள். வெயில் சாய்ந்த பிறகு கிளம்புங்கள். போய்ச் சேர்ந்ததும் கட்டைப் பிரிக்காமல் பையை அரை மணி நேரம் கடலில் மிதக்க விட வேண்டும். பிறகு வாயைத் திறந்து, ஒரு குவளை கடல் தண்ணீர், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு குவளை என்று ஊற்றுங்கள். மழைக்குப் பின் கரையோரம் உப்பு இறங்கியிருக்கும், உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2 பிபிடிக்கு மேல் மாற விட வேண்டாம். போட்டோ எடுக்க ஆட்கள் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

படகிலிருந்து வீச வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பையின் வாயைத் தாழைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சாய்த்தால் குஞ்சு தானாக வெளியேறும். ஒரே இடத்தில் கொட்டாமல் நடந்துகொண்டே விடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு மறுநாள் அதே தாழையில் தள்ளுவலை போட்டால் எல்லாம் வீண். 61 நாள் தடை விசைப்படகுக்கு மட்டும்தான். கரையோர வலையை நிறுத்தி வைப்பது ஊர்தான் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். குஞ்சு விடுவதற்கு முன்பே ஊர்க்கூட்டம் போட்டு, எந்தத் தாழை, எத்தனை வாரம் என்று முடிவு செய்யுங்கள். அந்த எல்லைக்குக் கம்பு நட்டுக் கொடி கட்டி, பக்கத்து ஊருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள்.