பழ ஈயில் சோடியம் சேனல் பழுதைச் சூடேற்றிச் சோதிப்பது எப்படி?

பாரா மரபணுதான் பழ ஈயின் நரம்புகளில் மின்துடிப்பை எழுப்பும் சோடியம் சேனலை, அதாவது செல்லுக்குள் சோடியத்தை விடும் வாயிலைத் தருகிறது. இதன் டிஎஸ்1 (சூடேறினால் மட்டும் பழுது காட்டும்) வகை மாற்றம் கொண்ட ஈக்கள் 22 டிகிரி செல்சியஸில் சாதாரணமாக நடக்கும். 29 டிகிரியில் சில நொடிகளில் விழுந்துவிடும்.

கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து 3 முதல் 5 நாளான ஈக்களை எடுங்கள். கார்பன் டைஆக்சைடு மயக்கத்தில் பிரிப்பதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். மயக்கம் முழுதாகத் தெளியாத ஈயும் விழும், முடிவு குழம்பிவிடும். உணவில்லாத காய்ந்த கண்ணாடிக் குழாய்க்குப் பத்து ஈ போதும். கூடவே கேன்டன்-எஸ் (மாற்றமில்லாத இயல்பு வகை) ஈக்கள் ஒரு குழாய், ஒப்பீட்டுக்கு. இது இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

நீர்த்தொட்டியை 30 டிகிரியில் வையுங்கள். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: ஈ மேல்நோக்கி ஏறும் பழக்கமுள்ளது. குழாயின் மேல்பாதி நீருக்கு வெளியே நின்றால் அங்கே போய்த் தப்பிக்கும். ஆகவே குழாயின் வாயை அடைக்கும் பஞ்சை உள்ளே தள்ளி, அதன் அடிப்பக்கம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி அமிழ்த்துங்கள். வெப்பமானியைக் காலிக் குழாய் ஒன்றுக்குள் செருகி, உள்காற்றின் சூட்டைப் பாருங்கள். தொட்டியின் திரை காட்டும் எண் போதாது.

விழுந்து கிடக்கும் ஈயை எண்ணியதும் குழாயை 22 டிகிரிக்கு மாற்றுங்கள். விரைவில் எழுந்து நடந்தால் அது சேனல் பழுதுக்குப் பொருந்துகிறது. எழாவிட்டால் சூடு மிகுந்துவிட்டது.

பாரா எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, மாற்றம் ஒடுங்கு பண்பு: இயல்பான பிரதி ஒன்று இருந்தாலே வெளிப்படாது. மகனுக்குத் தாயின் எக்ஸ் மட்டுமே கிடைக்கும், மகளுக்குத் தந்தையின் எக்ஸும் கிடைக்கும். பழுதுள்ள பெண்ணைக் கேன்டன்-எஸ் ஆணுடன் சேர்த்தால் மகன்கள் விழ வேண்டும், மகள்கள் நிற்க வேண்டும். மகள்களும் விழுந்தால் தாய் ஈ கன்னியாக (முன்பே வேறு ஆணுடன் சேராததாக) இருந்ததா என்று பாருங்கள்.