வயலோர மஞ்சள் பூ காட்டு முள்ளங்கியா என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஆகஸ்ட், செப்டம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை விட்டுக் கிழக்கே கோதுமை வயல்கள் பக்கம் போனால், வேலியோரமெல்லாம் நாலு இதழ்ப் பூக்கள் வெளிர் மஞ்சளாகக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பார்த்ததும் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் என்போம், கடுகு என்போம். பல நேரம் அது காட்டு முள்ளங்கி, நம் சாம்பார் முள்ளங்கிக்கு நெருங்கிய சொந்தம்.

நிறத்தை நம்பவே கூடாது. மஞ்சள், வெள்ளை, வெளிர் ஊதா என்று பல நிறத்தில் பூக்கும், சில இடங்களில் எல்லாம் கலந்தே நிற்கும். ஒரு பூவைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், இதழுக்குள் கருத்த நரம்புகள் கிளை கிளையாக ஓடுவது தெரியும். அப்புறம் பூவைத் திருப்பி அடியில் பாருங்கள். அங்கிருக்கும் புல்லி இதழ்கள், அதாவது பூவைத் தாங்கும் சிறு இதழ்கள், நிமிர்ந்து பூவிதழ்களின் அடியோடு ஒட்டினாற்போல் இருந்தால் காட்டு முள்ளங்கி, விரிந்து விலகி நின்றால் காட்டுக் கடுகு. தண்டின் அடிப்பக்கம் விரலை ஓட்டினால் சுணை குத்தும். கனோலாவின் மேல் இலைகள் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும், இதில் அப்படி இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகமா? அதே செடியில் கீழே முற்றிய காயைத் தேடுங்கள். எனக்கு இதைவிட நல்ல அடையாளம் தெரியாது. விதைக்கு விதை இடுங்கி, கோத்த மணிமாலை மாதிரி இருக்கும், நுனியில் நீண்ட மூக்கு. கடுகுக் காய் காய்ந்தால் இரண்டாக வெடித்து விதை கொட்டும், இது வெடிக்காமல் மணி மணியாக ஒடியும். ஒடிந்த துண்டு கிட்டத்தட்ட கோதுமை அளவே இருப்பதால் அறுவடையில் தானியத்தோடு கலந்துவிடும், பிரிப்பது பெரும்பாடு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பல களைக்கொல்லிகளுக்கும் அசையாத செடிகள் பெருகிவிட்டதால், விவசாயிகளுக்கு இது சாதாரணக் களை இல்லை.

பூவும் பிஞ்சுக் காயும் தின்னலாம், முள்ளங்கிக் காரம் சுள்ளென்று ஏறும். ஆனால் மருந்து அடித்த வயலோரத்தில் பறித்து வாயில் போடாதீர்கள். தேனீக்கள் மொய்க்கும், அவை போகும்வரை பொறுத்துப் பறியுங்கள். உங்கள் தோட்டத்தில் முளைத்திருந்தால் காய் பிடிப்பதற்குள் வேரோடு பிடுங்குங்கள், விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். சரி, திரும்பும்போது வண்டியில் ஏறுமுன் செருப்பையும் கால்சட்டை மடிப்பையும் நன்றாக உதறிவிடுங்கள்.