கழுத்து வலியைத் தீர்த்த டூரிங் ஹெல்மெட்

வெள்ளவத்தையிலிருந்து புத்தளம் வழியாக மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் கழுத்து வலிக்கும். காரணம் ஸ்போர்ட் ஹெல்மெட். டாங்க் மேல் குனிந்து ஓடுபவருக்குக் காற்று வழுக்கிப் போகும்படி செய்த வடிவம் அது. நான் நிமிர்ந்திருந்து ஓடுபவன். வேகம் கூடினால் காற்று தலையைத் தூக்கும், பக்கவாட்டில் உலுக்கும். நிமிர்ந்திருந்து நீண்ட தூரம் ஓடுபவருக்கென்று செய்த டூரிங் ஹெல்மெட்டுக்கு மாறினேன், வலி போய்விட்டது. இரைச்சலும் குறைவு.

மாலையில் மரைன் டிரைவில் கடல்பக்க வெயில் கண்ணில் அடிக்கும்போது உள்ளிருக்கும் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிடலாம். எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. மழைக்கு வைசரின் (முகக் கண்ணாடியின்) உட்புறம் பின்லொக் என்ற மெல்லிய தகட்டைப் பொருத்தினேன், மூச்சு படிந்து மங்குவதில்லை.

எந்த வகை வாங்கினாலும் தாடை நாடாவில் ஈசிஇ 22.06 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். கன்னம் இறுகலாம், நெற்றி வலிக்கவே கூடாது.