குழந்தைக்குச் சளி ஓயவில்லையா? நாட்களை எண்ணுங்கள்

புது நாட்டுக்கு வந்து குழந்தையை டே கேரில் விட்ட முதல் வருடம், மூக்கு ஒழுகாத வாரமே கிடையாது என்று தோன்றும். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. பச்சையாகச் சளி வந்தாலே சைனஸ் தொற்று (மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளில் வரும் தொற்று) என்று பயந்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவேன். அவர் பார்த்துவிட்டு, வைரஸ் சளிதான், தானாகச் சரியாகும் என்று அனுப்பிவிடுவார். ஒரு மருந்துகூட எழுதவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அவர் சொன்னது சரிதான். சின்னக் குழந்தைகளுக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம்; டே கேர் போனால் இன்னும் கூடும். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. சளியின் நிறமும் எதையும் உறுதியாகச் சொல்லாது. நாள்கணக்குதான் சொல்லும். 10 நாள் தாண்டியும் சளியோ பகல் இருமலோ குறையவே இல்லை, குறைந்துகொண்டு வந்தது திடீரென்று கூடுகிறது, 39 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத காய்ச்சலும் கெட்டிச் சளியும் 3 நாளாக விடவில்லை: இதில் ஏதாவது ஒன்று என்றால் பாக்டீரியாவால் வரும் சைனஸ் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். சளி தொடங்கிய தேதி, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, சளி முழுதாக விட்ட தேதி. புது மொழியில் பேச்சு திக்கும் நேரத்தில் அந்த நோட்டை நீட்டினால் போதும். எங்கள் நோட்டில் இரண்டு சளிக்கு நடுவே சுத்தமாக நல்லா இருந்த நாட்களும் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் இது ஒரே நோய் இல்லை, வேறு வேறு சளி என்று எனக்கே விளங்கியது.

வீட்டில் கை கொடுப்பது உப்புநீர்ச் சொட்டு மருந்துதான். பாட்டிலை உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்கிவிட்டு, குழந்தையை மடியில் சாய்த்து, ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. ஒரு நிமிடம் பொறுத்தால் கெட்டிச் சளி இளகி வரும், மெதுவாகத் துடைத்துவிடலாம். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன்னால் செய்தால் இரவு கொஞ்சம் நிம்மதி. ஆவி பிடிக்க வைக்காதீர்கள். வெந்நீர் கொட்டிச் சுட்டுவிடும். கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும் சளி, இருமல் சிரப்பையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

உண்மையாகவே சைனஸ் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், காரணத்தைத் தேடச் சொல்லிக் கேளுங்கள். குறட்டையும் வாயால் மூச்சு விடுவதும் இருந்தால் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீங்கியிருக்கலாம். தும்மலும் கண் அரிப்பும் இருந்தால் அலர்ஜியாக இருக்கலாம். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பதும் ஒரு காரணம். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணைச் சுற்றி வீக்கம், கடும் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு: இவை வந்தால் நாள் எண்ணாதீர்கள். ராத்திரியானாலும் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.