கடலடிக் காந்தப் பட்டைகளில் வயது கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி கருப்பு கிரானைட் குவாரியில் காம்பஸைப் பாறைமேல் வைத்துப் பாருங்கள். சில இடங்களில் முள் வடக்கை விட்டு விலகி நிற்கும். அந்தக் கல் டோலரைட், அதாவது பாறைக்குழம்பு உறைந்து உருவான கருநிறப் பாறை. அதிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புத் தாதுதான் முள்ளை இழுக்கிறது. காந்த வரைபடத்தில், சுவர்போல் நிற்கும் இந்தப் பாறைகள் நீண்ட பட்டைகளாகத் தெரியும். கடலடியிலும் பட்டைகள்தான் என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். நம் பக்கத்துப் பட்டை, விரிசலில் பாறைக்குழம்பு ஏறி உறைந்தது. தென்னிந்தியாவின் பழமையான தார்வார் நிலப்பகுதியின் இத்தகைய சுவர்களில் பல சுமார் 237 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. இன்றைய கடல் தரையில் 20 கோடியைத் தாண்டுவதே அரிது. கடலடிப் பட்டை வேறு வகை: கடல் நடுவே நீளும் மலைத்தொடரான நடுமுகட்டில் புதுப்பாறை உருவாகி, அப்போதைய காந்தப்புலத்தின் திசையைப் பதித்துக்கொண்டு இருபுறமும் விலகுகிறது; புலம் தலைகீழானால் அடுத்த பட்டை தொடங்குகிறது. அங்கே பார்க்க வேண்டியது, முகட்டின் இருபுறமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்துவரும் வரிசையை.

தனி ஒரு பட்டைக்கு வயது சொல்லவே முடியாது. அகலமும் குறுகலுமாக வரும் தொடரை, பூமியின் காந்தப்புலம் தலைகீழான காலவரிசையோடு பொருத்தினால்தான் வயது கிடைக்கும்.

அடுத்தது கணக்கில் வரும் பிழை. நான் அதிகம் பார்ப்பதும் இதைத்தான். கடைசியாகக் காந்தப்புலம் புரண்டது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அந்தப் புரளல் பதிந்த பட்டை எல்லை முகட்டிலிருந்து 7.8 கிலோமீட்டரில் இருந்தால் வேகம் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர். ஆனால் அது ஒரு பக்கத்துக்கு மட்டும். மறுபக்கமும் விலகுவதால் கடல் விரிவது 2 சென்டிமீட்டர். இரு கரைகளின் இடைவெளியை 1-ஆல் வகுத்தால் கடலின் வயது இரட்டிப்பாகிவிடும்.

இன்றைய வேகத்தை அப்படியே பின்னோக்கி நீட்டுவதும் ஆபத்து. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் வடக்கே ஓடியது. ஆசியாவோடு மோதியபின் வேகம் வெகுவாகக் குறைந்தது.

1963-இல் புவி ஆய்வாளர்கள் வைன், மேத்யூஸ் இருவரும் கடலடிப் பட்டைகளுக்கான இந்த விளக்கத்தை வெளியிட உதவியது நம் அரபிக்கடலுக்குத் தெற்கே போகும் கார்ல்ஸ்பெர்க் முகட்டின் அளவீடு. அங்கே காந்த அளவீட்டுக் கோட்டில் நடுப்பட்டை மேடாக இல்லாமல் பள்ளமாகத் தெரியும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இன்றைய திசையில் காந்தமான பாறையும் புலத்தைக் குறைத்தே காட்டும். மேடு என்றால் நேர், பள்ளம் என்றால் தலைகீழ் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே சறுக்குவார்கள்.

வங்காள விரிகுடாவில் சிக்கல் வேறு. சுமார் 12 கோடியிலிருந்து 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை காந்தப்புலம் கிட்டத்தட்ட புரளவே இல்லை. அப்போது உருவான தரையில் எண்ணுவதற்குப் பட்டையே கிடையாது. அங்கே பட்டை தெரியாததால் கடல் விரியவில்லை என்று சொல்லக் கூடாது. போதாததற்கு இமயமலை வண்டல் பல கிலோமீட்டர் தடிமனில் மேலே படிந்திருக்கிறது. அடையாளம் கண்ட மிகப் பழைய பட்டையின் வயதையும் கடலின் குறைந்தபட்ச வயதாகவே எழுத வேண்டும். நிலம் இழுபட்டுப் பிளக்கத் தொடங்கியது அதற்கும் முன்னால்.