சிறிய பண்பலை நிலையம் ஒன்றின் வரலாற்றை எழுதும் முறை

சிறிய ஊரின் பண்பலை நிலையத்துக்கு வரலாறு எழுத முற்படுபவர் முதலில் சந்திக்கும் சிக்கல், எழுத வேண்டிய பொருளே காற்றோடு போய்விட்டது என்பதுதான். செய்தித்தாள் அலுவலகத்தில் பழைய இதழ்களைக் கட்டி வைத்திருப்பார்கள். வானொலி நிலையங்களிலோ, ஒலிநாடாவின் விலையைக் கருதி, பழைய நிகழ்ச்சியை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவு செய்வது வழக்கமாக இருந்தது. ஆகவே குரலைத் தேடும் முன் காகிதத்தைத் தேடுங்கள்.

உரிமத்திலிருந்து தொடங்குவது நல்லது. அலைவரிசை, ஒலிபரப்புத் திறன், ஆண்டெனாவின் உயரம், உரிமதாரர் ஆகிய விவரங்கள் பொதுவாக உரிமத்திலும் அதன் திருத்தங்களிலும் கிடைக்கும். இவற்றில் ஏதேனும் ஒன்று மாறிய ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே நூலுக்கு முதுகெலும்பு அமைந்துவிடும். ஆண்டெனா உயரத்தைப் பொறியாளருக்கான விவரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பண்பலை ஏறத்தாழ அடிவானம் வரைதான் நன்கு எட்டும் என்பதால், திறனைக் கூட்டுவதைவிடக் கோபுரத்தை உயர்த்துவதே பல நேரங்களில் புதிய ஊர்களைச் சேர்த்துத் தருகிறது. கோபுரம் உயர்ந்த ஆண்டுக்குப் பின் வந்த நேயர் கடிதங்களில் புதிய ஊர்ப்பெயர்கள் தென்படுகின்றனவா என்று பாருங்கள்.

அலைவரிசை மாறியிருந்தால் அதற்கான காரணம் நிலையத்துக்கு வெளியே இருக்கலாம். அமெரிக்காவில் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற பண்பலை, தொடக்கத்தில் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்கியது. 1945-இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நகர்த்த முடிவெடுத்ததால், மக்கள் வாங்கி வைத்திருந்த பண்பலைப் பெட்டிகள் பின்னர் பயனற்றுப் போயின.

என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் வளமான ஆவணம் லாக் புக் எனப்படும் அன்றாடப் பணிப் பதிவேடுதான். நீளவாட்டில் கோடிட்ட ஒரு பக்கத்தில் ஒலிபரப்பு தொடங்கிய நேரம், டிரான்ஸ்மிட்டரின் அளவீடுகள், மின்சாரம் நின்று திரும்பிய நிமிடங்கள், பணி மாற்றிக்கொண்டவரின் சுருக்கொப்பம் எல்லாம் இருக்கும். புயலோ வெள்ளமோ வந்த வாரத்தின் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். இரவு முழுவதும் ஒரே சுருக்கொப்பம் தொடர்ந்திருந்தால், அன்று மாற்று ஆள் வந்து சேரவில்லை என்று ஊகிக்கலாம். அந்தச் சுருக்கொப்பத்துக்கு உரியவரைக் கண்டுபிடித்து முதலில் அவரைச் சந்தியுங்கள்.

நினைவையும் ஆவணத்தையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஒரு நிலையத்தார் ஆண்டுதோறும் கொண்டாடிய தொடக்க நாளை நான் சரிபாராமல் எழுதிவிட்டேன். பிறகு பார்த்தால் அது திறப்பு விழா நாள். சோதனை ஒலிபரப்பு அதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கியிருந்தது. இரண்டு தேதிகளையும் தனித்தனியே, பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே முறை. தேதிக்குக் காகிதத்தை நம்புங்கள். காரணத்துக்கு மனிதர்களைக் கேளுங்கள். ஒரு காலை நிகழ்ச்சி ஏன் திடீரென நின்றது என்பதை எந்தக் கோப்பும் சொல்லாது.

அறிவிப்பாளர்களை மட்டும் பேட்டி கண்டு நிறுத்திவிடுவது பலரும் செய்யும் பிழை. விளம்பரம் திரட்டியவரையும் கணக்கு எழுதியவரையும் கேளுங்கள், ஏனெனில் சிறிய சந்தையில் வணிக நிலையம் பிழைத்ததா நலிந்ததா என்பதை அவர்கள்தான் அறிவார்கள். பழைய விளம்பரப் பட்டியலையோ நிழற்படத்தையோ கையில் கொடுத்துப் பேசச் செய்தால், வெறும் கேள்விக்கு வராத விவரங்கள் வெளிவரும்.

ஒலிநாடாக்கள் கிடைத்தால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். 1970, 80களின் நாடாக்கள் சிலவற்றில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரம் உறிஞ்சிக் கெட்டிருக்கும்; ஓட்டினால் கீச்சிட்டு, கருவியின் முனையில் பழுப்புப் படிவை விட்டுச் செல்லும். அந்தப் பழுப்பில்தான் குரல் இருக்கிறது. அப்படிப்பட்ட நாடாவை நிறுத்தி, நாடா மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படையுங்கள். நல்ல நிலையில் இருப்பவற்றைச் சுருக்கப்படாத வேவ் (WAV) ஒலிக்கோப்பாகக் கணினியில் மாற்றி, ஒரு படியை நிலையத்துக்கு வெளியே, ஊர் நூலகம் போன்ற ஓரிடத்தில் வையுங்கள். நிலையம் கைமாறும்போது பழைய அறைகளைத்தான் முதலில் காலி செய்கிறார்கள்.